ஒரு கிழங்கின் விலை: ஸ்னோடிராப் செடியும் இணைய ஏலமும்

ஸ்னோடிராப் என்பது ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவின் மலைப்பகுதிகளிலும் வளரும் ஒரு சிறு கிழங்குச் செடி. இதன் கிழங்கு வெங்காயத்தைப் போல அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. அளவிலும் ஒரு சின்ன வெங்காயத்தை ஒத்தது. கடுங்குளிர் விலகும் முன்பே, சில இடங்களில் பனிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு, தலை கவிழ்ந்த வெள்ளைப் பூவைப் பூக்கும். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குக் 'கலாந்தஸ் நிவாலிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'காலா' என்றால் பால். 'ஆந்தோஸ்' என்றால் பூ. கலாந்தஸ் பேரினத்தில் இன்று ஏறத்தாழ இருபது இனங்கள் உள்ளன.

சாதாரண ஸ்னோடிராப் கிழங்கு பிரிட்டனில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் 2012 பிப்ரவரியில் ஈபே இணையதளத்தில் ஒரே ஒரு கிழங்கு 725 பவுண்டுக்கு ஏலம் போனது. 2015இல் இன்னொரு வகையின் கிழங்கு 1,390 பவுண்டையும், 2022இல் மற்றொன்று 1,850 பவுண்டையும் தொட்டன. இவ்வளவு விலை கொடுத்தவர்கள் எதை வாங்கினார்கள் என்பதை அறிய, செடி ஏலத்தின் பழைய வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காணாத பூவுக்கு விலை

செடியைக் கண்ணால் பாராமல் விலை பேசும் வழக்கம் இணையத்தோடு தொடங்கியதல்ல. 1630களில் ஹாலந்தில் துலிப் கிழங்குகள் மண்ணுக்குள் இருக்கும்போதே சீட்டெழுதிக் கைமாறின. கோடையில்தான் கிழங்கைத் தோண்டி எடுக்க முடியும்; ஆனால் வியாபாரமோ குளிர்காலத்திலேயே மதுக்கடைகளில் நடந்தது. 1637 பிப்ரவரி 5 அன்று அல்க்மார் நகரில், தந்தையை இழந்த பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட துலிப் ஏலத்தில் ஏறத்தாழ 90,000 கில்டர் திரண்டது. அதே நாட்களில் ஹார்லெம் நகரில் வாங்க ஆளில்லாமல் சந்தை சரியத் தொடங்கிவிட்டது.

அன்று மிக அதிகம் விரும்பப்பட்டவை தீச்சுவாலை போன்ற கோடுகள் விழுந்த துலிப்புகள். அந்தக் கோடுகளுக்குக் காரணம் ஒரு நச்சுயிரி நோய் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிய வந்தது. நோய் கிழங்கை மெலியச் செய்தது. அதனால் அது மெதுவாகவே பெருகியது. பெருகாததால் அரிதாக இருந்தது. அரிதாக இருந்ததால் விலை ஏறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் ஏல மண்டபங்களில் ஆர்க்கிட் செடிகள் இதே போல விலை போயின. கோவன்ட் கார்டன் பகுதியில் இருந்த ஸ்டீவன்ஸ் ஏலக்கூடம் இதற்குப் பெயர்பெற்றது. அங்கு வந்த செடிகளில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளிலிருந்து பறித்து வரப்பட்டவை. வழியிலேயே மடிந்தவை ஏராளம். வாங்குவோர் பலமுறை பூக்காத, வாடிய கிழங்குத் தண்டுகளையே பார்த்தனர். என்ன பூ பூக்கும் என்பது விற்பவர் சொல்லில்தான் இருந்தது.

நெதர்லாந்தில் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு முறை வேரூன்றியது. ஆல்ஸ்மீர் நகரின் மலர் ஏலங்களில் பெரிய கடிகாரம் போன்ற கருவியின் முள் உயர்ந்த விலையிலிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு சொந்தம். அங்கு பூக்களும் தொட்டிச் செடிகளும் தரம் பிரித்து, அளவு குறித்து விற்கப்பட்டன. அந்தத் தரக்குறிப்பை நம்பலாம் என்ற நிலை வந்ததால்தான், பின்னாளில் வணிகர்கள் மண்டபத்துக்கே வராமல் கணினித் திரையைப் பார்த்து வாங்க முடிந்தது.

கொடுத்துக் காத்த தோட்டக்காரர்கள்

ஸ்னோடிராப்பின் கதை சற்று வேறு. பிரிட்டனில் இது நீண்ட காலம் பணத்துக்கு விற்பதைவிட நட்பில் கைமாறிய செடியாகவே இருந்தது. கிரிமியப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் அங்கிருந்த 'பிளிகாட்டஸ்' இனக் கிழங்குகளைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 1874இல் ஹென்றி ஜான் எல்வெஸ் என்ற தாவர ஆர்வலர் துருக்கியின் ஸ்மிர்னா பகுதியில் பெரிய பூக்கொண்ட ஓர் இனத்தைக் கண்டார். அது அவர் பெயராலேயே 'எல்வெசி' எனப்படுகிறது. இந்த இனங்கள் தோட்டங்களில் அருகருகே வளர்ந்தபோது கலப்பினங்கள் தாமாகவே தோன்றின.

சாமர்செட் மாவட்டத்தின் ஷெப்டன் மாலட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலன், விக்டோரியா காலத்தில் இத்தகைய புதிய வகைகளை ஆர்வத்தோடு வளர்த்தவர். அவருடைய சேகரிப்பில் பெரும் பகுதி பூஞ்சை நோயால் அழிந்துபோனது. ஆனால் பிறர் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்த 'மேக்னட்' போன்ற வகைகள் இன்றும் வளர்க்கப்படுகின்றன. ஒரு செடியைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்பது தோட்டக்காரர்களிடையே பழமொழி போல வழங்கும் பாடம். தன்னிடம் இருப்பது அழிந்தாலும் நண்பரிடம் கேட்டு வாங்கலாம். ஆலனின் தோட்டம் அதற்குச் சான்று.

கலாந்தோபைல் எனப்படும் ஸ்னோடிராப் பித்தர்கள் இந்த வழக்கத்திலேயே வளர்ந்தனர். பிப்ரவரி மாதத்தில் ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்ப்பதும், ஒரு கிழங்குக்கு இன்னொன்றை மாற்றிக்கொள்வதும், சிறு நாற்றுப்பண்ணைகளின் அஞ்சல்வழிப் பட்டியலுக்காகக் காத்திருப்பதும் இவர்களின் வழக்கம். இதழிலுள்ள பச்சைப் புள்ளியின் வடிவத்தைக் கொண்டே வகைகளைப் பிரித்தறிவார்கள். நூற்றுக்கணக்கான வகைகளுக்குப் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ஏலம் திரைக்கு வந்தது

ஈபே 1995இல் அமெரிக்காவில் தொடங்கி, 1999இல் பிரிட்டனுக்கு வந்தது. அதன் ஏல முறைக்கு ஸ்னோடிராப் மிகவும் பொருந்திய செடி. ஒரு கிழங்கு சிறிய அஞ்சல் பொதிக்குள் அடங்கிவிடும். பூ உதிர்ந்து இலை பச்சையாக இருக்கும்போதே இடம் மாற்றி நடலாம் என்பதால், பிப்ரவரி, மார்ச் வாரங்களில் பூவின் படத்தைக் காட்டியே விற்க முடியும். ஈரப் பாசியிலோ காகிதத்திலோ சுற்றி அனுப்பினால் சில நாள் தாங்கும்.

விற்பவர் ஒரு தொடக்க விலையையும் முடியும் நேரத்தையும் குறிப்பிடுகிறார். வாங்குபவர் தன் உச்ச விலையைப் பதிவு செய்கிறார். போட்டி வரும்போது இணையதளம் அவர் சார்பில் படிப்படியாக உயர்த்திக் கேட்கிறது. உச்ச விலையைப் பிறர் அறியாமல் இருக்க, பலர் கடைசி நொடிகளில்தான் கேட்கிறார்கள். பழைய ஏல மண்டபத்தில் பத்துப் பேர் போட்டியிட்ட இடத்தில் நாடு முழுதும் உள்ள பித்தர்கள் மோதினர். செடியைப் பார்க்க முடியாத குறையை விற்பவரின் படமும், முன்பு வாங்கியவர்களின் மதிப்பீடும் ஈடுசெய்தன.

2012இல் 725 பவுண்டுக்குப் போன 'எலிசபெத் ஹாரிசன்' ஸ்காட்லாந்துத் தோட்டம் ஒன்றில் தற்செயலாக முளைத்தது. வழக்கமாகப் பச்சையாக இருக்கும் புள்ளியும் சூலகமும் இதில் மஞ்சள் நிறம். 2015இல் விற்ற 'கோல்டன் ஃப்ளீஸ்' தற்செயலாகக் கிடைத்ததல்ல; கேம்பிரிட்ஜ் பகுதி நாற்றுப்பண்ணை நடத்தும் ஜோ ஷார்மன் 18 ஆண்டுகள் இனக்கலப்பு செய்து உருவாக்கியது.

அரிதானதைப் பெருக்குதல்

எலிசபெத் ஹாரிசனை வாங்கியது தாம்ப்சன் அண்ட் மார்கன் என்ற விதை நிறுவனம். அதன் நோக்கம் செடியைப் பெருக்கி விற்பது. ஒரு கிழங்கை நெடுக்காகப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இரு செதில்களும் அடித்தட்டின் சிறு பகுதியும் இருக்குமாறு பிரித்து, ஈரமான ஊடகத்தில் சில வாரங்கள் வைத்தால், துண்டுகளின் அடியில் சிறு கிழங்குகள் உருவாகும். அவை பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். திசு வளர்ப்பு முறையில் இன்னும் அதிகமாகப் பெருக்கலாம். நோய் பற்றிய துலிப்பில் இயலாதது நலமான ஸ்னோடிராப்பில் இயலும்.

பெருகப் பெருக விலை இறங்கும். முதலில் வாங்கியவர் கொடுத்த பெருந்தொகை, பிறருக்கு முன்பாக அதை வைத்திருக்கும் சில ஆண்டுகளுக்கான விலையே. அதே தொகை, பொறுமையாகப் பல ஆண்டுகள் உழைத்த வளர்ப்பாளருக்குக் கூலியாகவும் அமைகிறது. ஆனால் ஏலச் செய்திகள் திருடர்களையும் ஈர்த்தன. அரிய வகைகள் இரவில் தோண்டிச் செல்லப்பட்டதால், சில தோட்டங்களில் பெயர்ப்பலகைகளையே எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் காட்டிக் கொடுத்த செடியை மறைத்து வளர்க்கும் நிலை வந்தது.

மலிவான கிழங்கின் மறைந்த விலை

விலை உயர்ந்த கிழங்குகள் தோட்டத்தில் பிறந்தவை. அவற்றால் காட்டுக்கு நேரடி இழப்பு இல்லை. காட்டைக் காலி செய்தவை மலிவான பொட்டலங்கள். 1980களில் துருக்கி மலைகளிலிருந்து கோடிக்கணக்கான கிழங்குகள் தோண்டப்பட்டு, ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்டன. இதைத் தடுக்கவே 1990இல் கலாந்தஸ் பேரினம் முழுவதும் சைட்டிஸ் எனப்படும் அழியும் உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்படி எல்லை தாண்டும் ஒவ்வொரு கிழங்குக்கும் அனுமதிச் சீட்டு தேவை. துருக்கி ஆண்டு ஏற்றுமதிக்கு அளவு விதித்தது. தோண்டி விற்ற கிராமத்தினரே கிழங்குகளைப் பயிரிட்டு விற்கும் முயற்சிகளும் தொடங்கின.

இணைய ஏலம் இந்தச் சட்டத்துக்குப் புதிய சோதனை. படத்தில் உள்ள கிழங்கு நாற்றுப்பண்ணையில் வளர்ந்ததா, மலையிலிருந்து பெயர்த்ததா என்று திரை சொல்லாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையை விட்டு விலகிய 2021 முதல், இரு தரப்புக்கும் இடையே ஒரு கிழங்கை அனுப்பவும் அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றிதழும் தேவைப்படுகின்றன. அதனால் பல சிறு விற்பனையாளர்கள் நாட்டுக்குள் மட்டும் அனுப்புகிறார்கள்.

துலிப் சீட்டு முதல் ஈபே வரை, செடி ஏலத்தில் விலையை நிர்ணயித்தது அரிய தன்மைதான். ஒரு வகையை நிலைக்கச் செய்வதோ அது பல கைகளுக்குப் பரவுவது. 725 பவுண்டு கிழங்கை வாங்கியவர் அதை வெட்டிப் பெருக்கியபோது, பித்தர்கள் நூறாண்டுக்கு மேலாக நட்பில் செய்துவந்த அதே வேலையைத்தான் பணம் கொடுத்துச் செய்தார். காட்டில் தோண்டிய கிழங்கின் பொட்டலத்தில் மட்டும் அந்த வேலைக்கான கூலி சேர்க்கப்படவில்லை. அதனால்தான் அது அவ்வளவு மலிவாக இருந்தது.