பி.எல். 480 நூல் திட்டம்

அமெரிக்கா விற்ற கோதுமைக்கு இந்தியா ரூபாயாகவே விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு சிறு பங்கைக் கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்குத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களை வாங்கி அனுப்பிய ஏற்பாடே பி.எல். 480 நூல் திட்டம். இதை நடத்தியது வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம். 1962இல் புது தில்லியில் தொடங்கிய இத்திட்டம், ரூபாய் தீர்ந்த 1980களில் நூலகங்கள் தாமே செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு மாறி, வேறு பெயரில் நீடித்தது. பாகிஸ்தானிலும் எகிப்திலும் அதே ஆண்டில் இதுபோன்ற ஏற்பாடுகள் தொடங்கின.

சிகாகோ போன்ற ஊர்களின் பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருப்பதற்கு இத்திட்டம் முதற்காரணம். அந்த அடுக்குகளில் சிலவகைப் புத்தகங்கள் இல்லாமல் போனதற்கும் இதன் அமைப்பே காரணம். அந்தக் குறையை நிரப்பப் புறப்பட்டபோதுதான், வாங்கிய புத்தகத்தைத் தன் ஊருக்குக் கொண்டுபோகாமல் அது பிறந்த இடத்திலேயே விட்டுவைக்கும் புதிய வழக்கத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது.

கோதுமையும் ரூபாயும்

கோதுமைக்கும் நூலகத்துக்குமான உறவு பி.எல். 480 சட்டத்துக்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 1951இல் இந்தியாவில் உணவுப் பஞ்சம் நெருங்கியபோது அமெரிக்கா 19 கோடி டாலர் கடனாகத் தானியம் கொடுத்தது. அந்தக் கடனுக்கான வட்டியில் முதல் 50 லட்சம் டாலரைக் கல்விப் பரிமாற்றத்துக்கு ஒதுக்குவதென்று முடிவாயிற்று. அந்தப் பணத்தில் இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அமெரிக்க நூல்கள் வந்தன. இந்திய நூலகர்கள் சிலர் பயிற்சிக்காக அமெரிக்கா போனார்கள்.

1954 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்ட வேளாண் வணிக உதவிச் சட்டத்தின் வரிசை எண்தான் 480; பி.எல். என்பது ‘பப்ளிக் லா’ (பொதுச் சட்டம்) என்பதன் சுருக்கம். அமெரிக்காவில் மிஞ்சிக் கிடந்த தானியத்தை வாங்கும் நாடு, டாலர் தேட வேண்டியதில்லை. தன் நாணயத்திலேயே விலை கொடுக்கலாம். இந்தியா 1956இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறைக்கு ‘பி.எல். 480’ என்றால் கோதுமைதான். பார்த்தீனியச் செடியும் அந்த மூட்டைகளோடு வந்ததாகவே இன்றும் பேச்சு. கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்க, அமெரிக்காவின் கணக்கில் ரூபாய் மலையாகச் சேர்ந்தது. இந்தியாவுக்கு வெளியே அதைச் செலவிட வழியில்லை. எவ்வளவு சேர்ந்தது என்பதற்கு ஒரு கணக்கு: 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் அந்த நிலுவையின் பெரும்பகுதியை இந்தியாவுக்கே திருப்பி எழுதிக் கொடுத்த காசோலையின் தொகை 1,664 கோடி ரூபாய்.

இந்த ரூபாயில் நூல் வாங்கலாம் என்ற திருத்தம் 1958இல் சட்டத்தில் சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் மிச்சிகன் மாநிலப் பிரதிநிதி ஜான் டிங்கெல். திருத்தத்துக்குப் பிறகும் அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்க மூன்று ஆண்டுகள் ஆயின. திருத்தத்துக்கு முந்திய ஆண்டான 1957இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிய அதிர்ச்சி, பிற நாட்டு மொழிகளைக் கற்பிக்கும் துறைகளுக்கு அமெரிக்க அரசின் பணத்தைத் திறந்துவிட்டிருந்தது. பாடம் நடத்த ஆசிரியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். படிக்கப் புத்தகம்தான் இல்லை.

திட்டத்துக்கு முந்திய நிலை

அதுவரை அமெரிக்காவில் இந்திய நூல் என்றால் பெரும்பாலும் சமஸ்கிருதம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. நார்மன் பிரவுன் 1940களின் இறுதியில் தெற்காசியத் துறையைத் தொடங்கிய பிறகே, இன்று பேசி எழுதப்படும் மொழிகளுக்கும் கவனம் கிடைத்தது. தமிழ் நூல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன.

அப்படிக் கிடந்த ஒன்றைப் பற்றிய கதை நூலக வரலாற்றிலேயே இடம்பெறத் தக்கது. 1962இல், சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை கவிஞர் ஏ. கே. ராமானுஜன் ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குள் போனார். அவர் தேடியது பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணம். கண்ணில் பட்டதோ உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அதிலிருந்து அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல் நூலாக வெளிவந்தது. சங்கப் பாட்டு உலக வாசகருக்குப் போய்ச் சேர்ந்த பெரிய வழிகளில் ஒன்று அது. எப்போதோ யாரோ வாங்கி, யாரும் தொடாமல் கிடந்த ஒரு படி. ‘யார் படிக்கப் போகிறார்கள்’ என்று கேட்டு நூல் சேர்க்கையைச் சுருக்க நினைக்கும் குழுக்களுக்கு இதைவிடச் சங்கடமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

வாங்கிய விதம்

வழக்கமாக ஒரு பல்கலைக்கழக நூலகம், பேராசிரியர் எழுதிக் கொடுக்கும் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு நூலாக வாங்கும். பி.எல். 480இல் அந்த வரிசை தலைகீழானது. புது தில்லி அலுவலகத்தில் மொழிவாரியாகப் பணியாற்றியவர்கள் புதிதாக வெளிவரும் நூல்கள், இதழ்கள், அரசு வெளியீடுகளைப் பார்த்துத் தேர்ந்தார்கள். தேர்ந்த நூலில் பல படிகளை ஒரே தடவையில் வாங்கி, காங்கிரஸ் நூலகத்துக்கும் திட்டத்தில் சேர்ந்திருந்த சிகாகோ, பென்சில்வேனியா, விஸ்கான்சின், பெர்க்லி முதலிய பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பினார்கள். கேட்ட பிறகு வாங்குவது போய், வாங்கி வைத்துவிட்டுக் கேட்பவருக்காகக் காத்திருப்பது என்றானது. இந்திய மொழிகள் படிக்கப்படாத ஊர்களின் சிறிய நூலகங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றுக்கு ஆங்கில நூல்கள் மட்டும் போயின.

வாங்கியவற்றின் பட்டியலை 1962 ஜூலை முதல் அந்த அலுவலகம் மாத இதழாக வெளியிட்டது. அதே காலத்தில் இந்தியாவிலேயே நூல்களைத் திரட்ட ஒரு சட்டம் இருந்தது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் நூல் வெளியான 30 நாளுக்குள் தன் செலவில் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் இன்னும் இரு நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை அபராதம், கூடவே நூலின் விலை. சட்டத்துக்குப் பயந்து அனுப்பியவரைவிட அனுப்பாதவரே அதிகம் என்பது பதிப்புலகம் அறிந்தது. ஒருபுறம் இலவசமாகக் கேட்ட சட்டம். மறுபுறம் காசு கொடுத்து வாங்கிய அலுவலகம். பதிப்பாளரின் கை எந்தப் பக்கம் நீண்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்து குவிந்தவை

புத்தகம் வந்துவிட்டால் நூலகம் ஆகிவிடாது. மூட்டை மூட்டையாக வந்தவற்றைப் பட்டியலிடத் தமிழ் தெரிந்த ஆட்கள் இல்லை. பெட்டிகள் பிரிக்கப்படாமல் நிலவறைகளில் தேங்கின. ஒவ்வொரு நூலகமும் ஒரே புத்தகத்தைத் தனித்தனியாகப் பட்டியலிடுவதைவிட, செலவைப் பகிர்ந்துகொண்டு காங்கிரஸ் நூலகத்தில் ஒரே இடத்தில் செய்துவிடலாம் என்ற உடன்பாடு இந்த நெருக்கடியில் பிறந்தது. பிற்பாடு அந்த வேலையின் பெரும்பகுதி புது தில்லிக்கே வந்தது. சிகாகோவில் தெற்காசியப் பிரிவைக் கட்டியெழுப்பிய மொரீன் பேட்டர்சன், இந்தக் குவியலை ஆய்வாளர் கைக்கு எட்டச் செய்ததில் முன்னிற்பவர். 1981இல் வெளிவந்த அவருடைய தெற்காசிய நூலடைவு அந்தத் தலைமுறை ஆய்வாளர்களின் கைவிளக்காக இருந்தது.

தமிழுக்கே உரிய சிக்கல்களும் இருந்தன. அமெரிக்கப் பட்டியல் குடும்பப் பெயரில் தொடங்கும். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்துகளில் ஒன்று ஊர், ஒன்று தகப்பனார். புனைபெயர் வேறு. ரோமன் எழுத்தில் பெயர்க்கும் விதி சகரத்துக்கு அந்த வரிசையின் மூன்றாம் எழுத்தை ஒதுக்கியிருக்கிறது. அதனால் சுஜாதாவின் நாவலைத் தேடுபவர், அவர் ஆங்கிலத்தில் தம் பெயரை எழுதிய பத்தொன்பதாம் எழுத்தில் தேடினால் ஏமாறுவார். இந்த விதியைப் பழகாத தமிழரைவிட, பழகிய அமெரிக்க மாணவரே பட்டியலில் தமிழ் நூலை விரைவில் கண்டுபிடிப்பார் என்பது இதில் உள்ள வேடிக்கை.

விடுபட்டவை

திட்டத்துக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. 1962க்கு முன் அச்சானவை புது நூல் கடைகளில் கிடைக்காது. ஆகவே அதற்கு முந்திய தமிழ் அச்சு பெரும்பாலும் இதன் வலைக்கு வெளியே நின்றது. மற்றொன்று தேர்வு பற்றியது. நூலகத்துக்குத் தகுந்தது என்று ஒருவர் தேர்வு செய்யும்போது, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப்புத்தகம், காலணா குஜிலிப் பிரசுரம் ஆகியவை கையை விட்டு நழுவும்.

இந்த மனப்பான்மை பழையது. ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் பாட்லி நிறுவிய நூலகத்துக்கு 1610 முதல் லண்டன் பதிப்பாளர்கள் தம் நூல்களை இலவசமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். நாடகங்களையும் பஞ்சாங்கங்களையும் மட்டும் உள்ளே விட பாட்லிக்கு மனமில்லை. அவர் இறந்த பிறகு, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டு முதல் தொகுப்பு அந்நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு புதிய பதிப்பு வந்ததும் பழையது வேண்டாததாகக் கழிக்கப்பட்டது. அதே படியை 1906இல் 3,000 பவுன் திரட்டி மீண்டும் வாங்க நேர்ந்தது.

தமிழில், கழித்துக் கட்டப்பட்டவற்றைச் சேர்த்தவர் ஒரு தனிமனிதர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா செட்டியார், சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தபோது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள்மீது பித்துக்கொண்டார். ‘ரோஜா’ முத்தையா என்ற பெயரும் அந்தத் தொழில் வழி வந்தது. ஊர் திரும்பிய பிறகும் சேகரிப்பு நிற்கவில்லை. சித்த மருத்துவ நூல், பெண்கள் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப்புத்தகம் என்று அவர் வீட்டில் சேர்ந்தவை ஏறக்குறைய ஒரு லட்சம். ஆய்வாளர்கள் கோட்டையூருக்குப் பஸ் ஏறிப் போனார்கள்.

1992இல் அவர் காலமானார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. முப்பதாண்டுப் பழக்கப்படி அது கப்பலேறியிருக்க வேண்டும். ஆனால் மூலங்கள் சென்னையிலேயே இருக்கும், நுண்படச் சுருள் மட்டும் சிகாகோவுக்குப் போகும் என்று ஏற்பாடாயிற்று. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படித்தான் உருவானது. உள்ளூர் ஆட்கள் பட்டியலிட்டார்கள். உள்ளூரிலேயே நுண்படம் எடுத்தார்கள். சூழலியல் எழுத்தாளரும் திரைப்பட வரலாற்றாசிரியருமான சு. தியடோர் பாஸ்கரன் 1998 முதல் 2001 வரை இதன் இயக்குநராக இருந்தார். 2007இல் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் முயற்சியில் சிந்துவெளி ஆய்வு மையமும் இங்கே அமைந்தது. நூலை உடைமையாக்கிக்கொள்வதே சேர்க்கை என்று நினைத்த பல்கலைக்கழக நூலகம், நூலைப் பார்க்கும் உரிமையைப் பெற்றால் போதும் என்ற நிலைக்கு இணையம் பரவும் முன்பே வந்ததற்கு இந்த நூலகம் நல்ல சான்று.

ரூபாய் தீர்ந்த பிறகு

1980களில் ரூபாய்க் கணக்கு வற்றியது. அப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நூல் நிதியை விலையேறிய அறிவியல் ஆய்விதழ்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. தெற்காசிய நூலுக்கு டாலர் கொடுக்க வேண்டும் என்றானதும், எல்லாம் எல்லோருக்கும் என்ற பழைய தாராளம் போயிற்று. ஒவ்வொரு நூலகமும் எந்த மொழி, எந்தப் பொருள், எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும். புது தில்லி அலுவலகம் அதன்படி வாங்கி அனுப்பிச் செலவை வசூலிக்கும். இதற்குத் தெற்காசியக் கூட்டுச் சேர்க்கைத் திட்டம் என்று பெயர். ஒரு நூலகத்தில் இல்லாததை இன்னொன்றிலிருந்து இரவல் வாங்கும் பழக்கமும், 1967இல் சிகாகோவின் ஆய்வு நூலக மையத்தில் தொடங்கிய கூட்டு நுண்படத் திட்டமும் இந்தச் சிக்கனத்தைத் தாங்கின.

அதன் அடுத்த படி மின்வடிவம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையும் ஃபப்ரிஷியஸ் அகராதியையும் சிகாகோ இணையத்தில் ஏற்றியது. சென்னையில் அச்சான அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேட, தமிழ்நாட்டு மாணவர்கள் சிகாகோவின் கணினிக்குப் போய் வருகிறார்கள். பல நூலகங்கள் கூடி நடத்தும் தெற்காசியத் திறந்த ஆவணகம் 2019இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் உள்ளவற்றைப் படிக்கச் சந்தாவும் வேண்டாம், பல்கலைக்கழக அடையாள அட்டையும் வேண்டாம்.