கும்மிடிப்பூண்டி வட்டாரப் பொறியியல் மாணவர்களும் இணையவழிச் செய்முறைக் கல்வியும் (2020–2022)

கொரோனா பெருந்தொற்றால் தமிழ்நாட்டின் கல்வி நிறுவனங்கள் 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. பாடங்கள் கைபேசித் திரைக்கு மாறின. கோட்பாட்டுப் பாடங்கள் ஓரளவு சமாளிக்கப்பட்டன. கருவியைத் தொட்டுக் கற்க வேண்டிய செய்முறைப் பாடங்களே பெரிதும் பாதிக்கப்பட்டன.

பின்னணி

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழில் வளாகத்தாலும் எஃகு ஆலைகளாலும் அறியப்பட்ட ஊர். அருகிலுள்ள கவரைப்பேட்டையில் தனியார் பொறியியல் கல்லூரிகள் இயங்குகின்றன. 2020 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் தொழிற்சாலைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. இறுதியாண்டு இளநிலை மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பியதோ டிசம்பர் 7 அன்றுதான். ஆலைகளில் எந்திரங்கள் ஓடிய அந்த மாதங்களில் கல்லூரிப் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன.

திரையில் பட்டறை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு பாடத்திட்டப்படி, முதலாண்டு மாணவர்கள் இரண்டாம் பருவத்தில் தச்சு வேலை, குழாய் இணைப்பு, வெல்டிங், லேத், வீட்டு மின்னிணைப்பு, சாலிடரிங் ஆகியவற்றைப் பழக வேண்டும். 2020 இறுதியில் சேர்ந்தவர்களுக்கு அப்பருவம் கொரோனா இரண்டாம் அலையின்போது வந்தது. ஆசிரியர் செய்து காட்டும் காணொளியைப் பார்ப்பது, கொடுக்கப்பட்ட அளவீடுகளைக் கொண்டு கணக்கிடுவது, ரெக்கார்டு நோட்டைப் படமெடுத்து அனுப்புவது, காணொளி அழைப்பில் வாய்மொழித் தேர்வுக்கு விடையளிப்பது ஆகியவையே இணையவழியில் செய்முறை வகுப்பாயின.

ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் திட்டத்தில் ஐ.ஐ.டி.கள் உள்ளிட்ட நிறுவனங்கள் முன்பே உருவாக்கியிருந்த மெய்நிகர் ஆய்வகங்கள் இக்காலத்தில் கைகொடுத்தன. மின்சுற்றுச் சோதனை போன்றவற்றுக்கு அவை பொருந்தின; தவறாக இணைத்தாலும் கருவி எரியாது, எத்தனை முறையும் முயலலாம். ஆனால் வெல்டிங் கம்பி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும்போது அதைக் கையாளும் பக்குவமோ, லேத்தில் வெட்டுளி அதிரும் ஓசையைக் கேட்டு வேகத்தைக் குறைக்கும் பழக்கமோ திரையில் கிடைப்பதில்லை.

அரசின் நடவடிக்கைகள்

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி இலவச இணையத் தரவு வழங்கப்படும் என அரசு அறிவித்தது. மார்ச் 23 முதல் வகுப்புகள் மீண்டும் இணையவழிக்கு மாற்றப்பட்டபோது, செய்முறை வகுப்புகளையும் தேர்வுகளையும் மட்டும் மார்ச் 31 வரை நேரில் நடத்த இசைவளிக்கப்பட்டது. செய்முறைக்குத் திரை ஈடாகாது என்பதை இவ்விலக்கு உணர்த்தியது. கல்லூரிகள் 2021 செப்டம்பர் 1 அன்று திறந்தன. மூன்றாம் அலையால் 2022 ஜனவரியில் மூடப்பட்டு, பிப்ரவரியில் மீண்டும் திறந்தன.

விளைவு

இக்காலத்தில் படித்தவர்கள் சான்றிதழில் செய்முறை மதிப்பெண் பெற்றனர். அதற்குரிய கைப்பழக்கத்தைப் பெறப் பலருக்கு வாய்ப்பு அமையவில்லை. தொழிற்பேட்டையின் நடுவே வாழும் மாணவருக்கு இது சிறிய இழப்பன்று. வீட்டுக்கு அருகிலேயே உள்ள ஆலை வேலைக்கு அக்கைப்பழக்கம்தான் முதல் தகுதி.

சென்னை ஐ.ஐ.டி. 2023இல் இணையவழி மின்னணுவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது, பாடங்களை இணையத்தில் வைத்து, ஆய்வகப் பயிற்சிக்கு மாணவர்கள் நேரில் வர வேண்டும் என விதித்தது.