துண்டும் தகர வில்லையும்

குடும்பத்துடன் கடல் கடந்து தொழில் தேடுவோர்க்கு இன்று அனுமதிப் பத்திரம் இன்றியமையாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோர்க்குப் பத்திரமாய் அமைந்தது ஒரு சிறு தகர வில்லை. சேரவேண்டிய தோட்டத்தின் எண் அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. அதனைக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டு, எழுத்தறியாதவரும் வழி தவறாது மலைநாட்டை அடைந்தனர். ஆனால், வழிச்செலவு அவர்தம் பெயரிலே கடனாய் ஏறிற்று.

கங்காணிமார் தம் உறவினரையும் ஊரவரையும் குடும்பங் குடும்பமாகவே திரட்டி வந்தனர். வந்தவர் வேறு தோட்டஞ் செல்ல விரும்பின், ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். குறித்த கடனைச் செலுத்தினால் இன்னின்னாரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்க்கும். தீர்த்த தொகையைத் தொழிலாளர் கணக்கில் மீண்டும் எழுதும். குடும்பம் இடம் பெயர்ந்தது. கடனும் உடன் பெயர்ந்தது.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளரிடம் அறவிடும் வழக்கமும் நீங்கிற்று. 1939இல் இந்திய அரசு, தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதையே தடை செய்தது.

உள்ளே வர அனுமதி எளிதிற் கிடைத்தது. விரும்பியபோது விலகிச் செல்லும் உரிமையே நெடுங்காலம் கிட்டாதிருந்தது.