சத்தம் வேறு, ஒலி வேறு: வாகன ரேடியோவின் கதையும் நமது வேனும்



நாம் ஒன்பது ஆசிரியர்கள் ஒரே வேனில்தான் தினமும் பாடசாலைக்குப் போய் வருகிறோம். போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால் மணித்தியாலம். வேன் ஜப்பானில் ஓடி முடித்து இங்கு வந்த பழைய வேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்தாலும் விலை நமக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. ஆகவே ஊரில் எல்லோரும் இருக்கிற வாகனத்தையே அழகுபடுத்துகிறோம். அதில் முதலில் மனதுக்கு வருவது செட்தான்.

நமது வேனிலும் அது நடந்தது. சாரதி நானா கொஞ்சம் கடன்பட்டு, நாமும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பெரிய பெட்டி ஸ்பீக்கரும் எம்ப்ளிஃபயரும் பூட்டினோம். இரண்டாம் வாரம் ஒரு காலையில் பின்னால் அம்பியுலன்ஸ் வந்தது நமக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் சிவப்பு வெளிச்சத்தைக் கண்ட பிறகுதான் ஒதுங்கினோம். எவ்வளவு நேரம் அது நமக்குப் பின்னால் நின்றது, உள்ளே யார் இருந்தார் என்பது இன்றுவரை தெரியாது. அன்று பாடசாலை வரும்வரை வேனுக்குள் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் வாகனத்துக்குள் ரேடியோ எப்படி வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க ஒரு விடயம் தெளிவானது. இந்த வரலாற்றில் பெரிய முன்னேற்றங்களைச் செய்தவர்கள் பலர் சத்தத்தைக் கூட்டப் பாடுபட்டவர்கள் அல்லர். இரைச்சலைக் குறைக்கப் பாடுபட்டவர்கள்.

கதை 1930இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தொடங்குகிறது. போல் கெல்வினும் அவருடைய சகோதரர் ஜோசப்பும் 1928இல் ஒரு சிறிய கம்பனியை ஆரம்பித்திருந்தார்கள். வீட்டு ரேடியோவைப் பெற்றரி இல்லாமல் மின்சாரத்தில் இயக்கும் கருவிதான் அவர்களுடைய முதல் சரக்கு. அடுத்த ஆண்டே பொருளாதார மந்தம் வந்தது. பிழைக்க வழி தேடியவர்கள் காருக்குள் ரேடியோ பூட்டுவதில் இறங்கினார்கள்.

அவர்களுக்கு முதல் எதிரி காரே. என்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி விடும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொறி ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி அலை வீசும். ரேடியோவில் அது படபடவென்று கேட்கும். பிளக்குகளுக்கும் மின்பகிர்விக்கும் தடையிகள் பூட்டி, வயர்களுக்கு உலோகக் கவசம் போட்டு, அந்தப் படபடப்பை அடக்கிய பிறகுதான் ரேடியோ ரேடியோவானது. அந்த ஆண்டு ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாடு நடந்தது. கெல்வினிடம் கூடம் எடுக்கக் காசில்லை. ரேடியோ பூட்டிய தனது காரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, வருவோர் போவோரைக் கேட்க வைத்து ஓடர் பிடித்தார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டரோலா. விலை 110 முதல் 130 டொலர். அக்காலத்தில் அது சாதாரண ஆளுக்குப் பெரிய காசு.

அப்போதே எதிர்ப்பும் வந்தது. ஓட்டுநரின் கவனம் சிதறும் என்று சொல்லி, மசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரிலும் கார் ரேடியோவைத் தடை செய்யும் யோசனைகள் எழுந்தன. நாம் அம்பியுலன்ஸுக்கு வழிவிடாமல் நின்ற அந்தக் காலையை நினைத்தால் அந்த எதிர்ப்பாளர்களை முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை.

ஐரோப்பாவில் 1932இல் ஜேர்மனியின் புளாபுங்ட் கம்பனி ஆட்டோசூப்பர் ஏஎஸ்5 என்ற கார் ரேடியோவை வெளியிட்டது. எடை 15 கிலோ. விலை 465 ரைக்ஸ்மார்க். இந்தக் கம்பனியின் பெயர் வந்த விதம் சுவையானது. அவர்கள் முதலில் செய்தது காதில் மாட்டும் ஹெட்ஃபோன். ஒவ்வொன்றையும் பரிசோதித்து, சரியானவற்றில் நீலப் புள்ளி ஒன்று வைப்பார்கள். மக்கள் கடையில் போய் நீலப் புள்ளி கேட்டார்கள். அதுவே ஜேர்மன் மொழியில் கம்பனியின் பெயராகிவிட்டது. பரிசோதித்த சரக்குக்கு அவ்வளவு மதிப்பு. இன்று நம் கடைகளில் பெட்டியில் அச்சிட்ட வோல்ட் அளவையும் வொட் அளவையும் யாரும் பரிசோதிப்பதில்லை.

அடுத்தவர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங். அக்கால வானொலியில் இடி மின்னலும் மோட்டார் பொறியும் சேர்ந்து கேட்கும். அலையின் உயரத்தில் செய்தியை ஏற்றுவதுதான் அதற்குக் காரணம், ஏனெனில் இரைச்சலும் அதே உயரத்தைத்தான் கெடுக்கிறது. ஆம்ஸ்ட்ரோங் செய்தியை அலையின் அதிர்வெண்ணில் ஏற்றினார். 1933இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் நாம் இன்று கேட்கும் எஃப்எம். காருக்குள் எஃப்எம் ரேடியோவை 1952இல் புளாபுங்ட் கொண்டுவந்தது.

அக்கால ரேடியோக்களில் கண்ணாடிக் குழாய் வால்வுகள். அவற்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வோல்ட் தேவை. காரின் பெற்றரியோ வெறும் 6 வோல்ட். அதை உயர்த்தக் கருவிக்குள் ரீங்காரமிடும் அதிர்வி ஒன்று வைத்திருந்தார்கள். சூடு, பாரம், ரீங்காரம் மூன்றும் சேர்ந்தே வந்தன. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1955இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுக்க டிரான்சிஸ்டரில் இயங்கும் கார் ரேடியோவை அறிவித்தன. விலை 150 டொலர். அது சத்தத்தைக் கூட்ட வந்ததல்ல. சூட்டையும் பாரத்தையும் ரீங்காரத்தையும் கழிக்க வந்தது.

1963இல் பிலிப்ஸ் கம்பனி சிறிய கசெட்டை அறிமுகப்படுத்தியது. அதில் இருந்த 'ஸ்ஸ்ஸ்' என்ற நாடா இரைச்சலைக் குறைக்கும் முறையை ரே டொல்பி உருவாக்கிய பிறகுதான் கசெட் நல்ல இசைக்கும் தகுதி பெற்றது. நம் நாட்டில் 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்கள் வரும்போது கசெட் ரேடியோ கொண்டு வந்தார்கள். கிராஅத்தும் பயானும் பாட்டும் வீட்டுக்கும் வாகனத்துக்கும் கசெட்டில் வந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

இருக்கிறதை வைத்துச் செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. இலங்கையில் வானொலி பிறந்த கதையே அப்படித்தான். 1920களில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாபர் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டுதான் அவர் ஒலிபரப்பியைச் செய்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஆளுநர் ஹியூ கிளிஃபோர்ட் அந்த வானொலியை முறைப்படி ஆரம்பித்து வைத்தார். பழைய சாமானில் பிறந்த அந்த வானொலிதான் பிறகு ரேடியோ சிலோனாகி ஆசியா முழுக்கக் கேட்டது.

இனி நமது வேனுக்கு வருவோம். பூட்டிய பெரிய செட்டைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். முன்பக்கச் செட்டின் பெட்டியில் '50 வொட் x 4' என்று இருந்தது. என்ஜின் ஓடும்போது வாகன மின்சாரம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கித் தடையால் வகுத்தால் 51.8 வொட். பெட்டியில் அடிக்கும் 50 இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது அலை சதுரமாகக் கிழிந்து, குரல் கரகரக்கும்போது வருகிற அளவு. கரகரப்பில்லாத சுத்தமான அலைக்கு அதில் பாதி, அதாவது 26 வொட்டைத் தாண்ட முடியாது. நடைமுறையில் 20 வொட் அளவில் நிற்கும். உயர்தர பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஐந்து நிமிடத்தில் செய்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. வொட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது சின்ன வித்தியாசம். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வொட் வேண்டும். ஸ்பீக்கரின் பெட்டியில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு அளவு இருக்கும். 87 இருக்கும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 இருப்பதை வாங்கினால், வொட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். அதற்காகப் புது எம்ப்ளிஃபயர் வாங்கத் தேவையில்லை.

ரேடியோவிலும் ஒரு பாடம் படித்தோம். நமது வேனின் பழைய செட்டில் பெரும்பாலான நிலையங்கள் பிடிக்கவில்லை. காட்டிய இடத்தில், செட் பழுது, மாற்ற வேண்டும் என்றார்கள். அதை நம்பித்தான் புதுச் செட் வாங்கினோம். உண்மையில் பழைய செட்டில் பழுது இருக்கவில்லை. ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய ஜப்பான் செட்டுகள் 90உடன் முடிந்துவிடும். நம் நாட்டு நிலையங்களோ 88க்கும் 108க்கும் இடையில். பேண்ட் எக்ஸ்பேண்டர் என்ற சிறிய கருவியை அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில் கொளுவினால், அது நமது நிலையங்களை ஜப்பான் எண்களுக்குள் இறக்கித் தரும். உதாரணமாக 14 இறக்கும் கருவி என்றால் 102இல் ஒலிபரப்பாகும் நிலையம் செட்டில் 88இல் கேட்கும். தீப்பெட்டி அளவான அந்தச் சாமான் அன்றே நமக்குத் தெரிந்திருந்தால் கடன்பட்டிருக்கத் தேவையில்லை.

இப்போது யாராவது நம்மிடம் கேட்டால், குறைந்த காசில் இந்த ஒழுங்கில் செய்யச் சொல்வோம்.

முதலில் நெகட்டிவ் வயர். அக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'வீ' என்று ஏறும் சத்தம் ஸ்பீக்கரில் வந்தால், செட்டின் கறுப்பு வயரைப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான பொடி இரும்பில் இறுக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். கெல்வினின் பழைய எதிரிதான் அது.

இரண்டாவது கதவு. ஸ்பீக்கர் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நேரத்தில் ஒலி தள்ளும். இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்து, தடித்த ஒலி காணாமல் போகும். கதவுக்குள் இருக்கும் ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரை ஒரு பிளைவுட் வளையத்தில் அசையாமல் பூட்டினால், பழைய ஸ்பீக்கரே புதிதுபோல் பேசும்.

மூன்றாவது முன் ஸ்பீக்கர்கள் இரண்டு. நல்லதாக இரண்டு போதும். நான்காவதுதான் செட். அதுவும் பழையதில் ஏயூஎக்ஸ் துளை இருந்தால் தேவையில்லை, சின்ன புளூடூத் கருவி ஒன்றைக் கொளுவலாம். புதிது வாங்குவதென்றால் அளவெடுத்துக்கொண்டு போங்கள். ஒற்றை அளவு 180க்கு 50 மில்லிமீற்றர், இரட்டை அளவு 180க்கு 100. பல டொயோட்டாக்களில் அகலம் 200. வாகனத்தின் வயரை வெட்டாமல், பொருந்தும் சொக்கெட் வயர் வாங்கிக் கொளுவுங்கள். எம்ப்ளிஃபயர் கடைசி. அதைப் பூட்டினால் பெற்றரிக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை அடிக்குள், பியூஸ் போடாமல் விடாதீர்கள். வயர் உரசினால் வாகனம் எரியும்.

நாம் பெட்டி ஸ்பீக்கரைக் கழற்றி விற்றோம். "சத்தம் குறைஞ்சா போட்ட காசு வீணாப் போன மாதிரி இருக்கே சேர்" என்று நானா கவலைப்பட்டார். தொலைபேசியில் அளக்கும் செயலியைக் கொண்டு அவர் முன்னாலேயே அளந்து காட்டியிருந்தோம். பெரிய செட்டில் 95 டெசிபலைத் தாண்டியது. காதுக்கு எட்டு மணித்தியாலம் தாங்கக்கூடிய எல்லை 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணித்தியாலம், 97இல் அரை மணித்தியாலம். நாம் தினமும் ஒன்றரை மணித்தியாலம் அதற்குள் இருந்தோம். உள்காதில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. வகுப்பில் பின்வரிசைப் பிள்ளை மெதுவாகச் சொல்லும் பதில் கேட்காமல் போனால், அந்த ஆசிரியரால் என்ன பயன்?

பெருநாள் நெருங்குகிறது. செட் பூட்டக் காசு சேர்க்கும் தம்பிமார் நம் ஊரில் நிறையப் பேர். பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டிய பிறகு ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். வழமையாகக் கேட்கும் அளவில் போட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கூட்டாளி ஒருவரைப் பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கச் சொல்லுங்கள். கேட்டால் நல்ல செட். கேட்காவிட்டால் குறையுங்கள்.

கடந்த நோன்பில் ஒருநாள் பாதை தடைப்பட்டு மஃரிபுக்கு வேனிலேயே இருந்தோம். பழைய ஜப்பான் செட், தீப்பெட்டி அளவான எக்ஸ்பேண்டர், இரண்டே இரண்டு ஸ்பீக்கர். பாங்கு ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகக் கேட்டது. வெளியே பாதையில் போன சைக்கிள்காரர் பெல் அடித்ததும் கேட்டது.