சென்னையின் பழைய நிலப்படங்கள்: தேடலும் படித்தறிதலும்

ஊரைச் சொல்லால் வரைந்து காட்டும் கலையில் தமிழர் தொன்றுதொட்டே தேர்ந்தவர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தையும், மதுரைக்காஞ்சி பாண்டியர் கூடலையும் கண்முன் நிறுத்துகின்றன. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கம் எது, பட்டினப்பாக்கம் எது, இரண்டுக்கும் இடையே நாளங்காடி எங்கே இருந்தது என்பனவற்றைக் கற்போர் மனத்தில் பதியுமாறு கூறுகிறது. சோழர் காலச் செப்பேடுகள் கொடைநிலத்தின் நான்கெல்லைகளைக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என வரிசைப்படுத்தி, வாய்க்காலையும் வரப்பையும் மரத்தையும் சான்றாக வைத்து எழுதின. ஆயினும், அளவுகோலுக்கு உட்பட்டுத் தாளில் வரையப்பட்ட ஊர்ப்படம் தமிழகத்திற்கு ஐரோப்பிய வணிகரோடு வந்தது. அவ்வாறு வரையப்பட்ட தொடக்ககாலப் படங்களுள் பல இன்றும் கடல் கடந்த நூலகங்களிலேயே உள்ளன. சென்னை நகரின் பழமையை அறிய விழைவோர் அப்படங்களை எங்கே தேடுவது, கிடைத்தபின் எவ்வாறு படிப்பது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரே திறவுகோல்

1996-ஆம் ஆண்டில் நகரின் பெயர் எல்லா மொழிகளிலும் சென்னை என்றே ஆயிற்று. நூலகங்களின் பட்டியல்களோ படத்தின் தலைப்பில் உள்ள பெயரையே பின்பற்றுவன. ஆகவே, சென்னை என்ற சொல்லை மட்டும் கொண்டு தேடுவோர் மிகச் சிலவற்றையே காண்பர். மதராஸ், மதராசபட்டணம், ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் என்னும் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் இட்டுத் தேடும்போது பட்டியல் நீள்கிறது. மயிலாப்பூரைப் போர்த்துக்கீசியர் சான் தோமே எனவும் மெலியாபூர் எனவும் எழுதினர். எழும்பூர் எக்மோர் ஆனது. திருவல்லிக்கேணி டிரிப்ளிக்கேன் ஆனது. பூவிருந்தவல்லி பூனமல்லி ஆனது. ஒரே ஊரின் பெயர் ஒரே நூற்றாண்டிலேயே நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் காணப்படுவதும் உண்டு. அவை அனைத்தையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடத் தொடங்குவது, தேடுவோரின் பாதி உழைப்பை மிச்சப்படுத்தும்.

படங்கள் உறையும் இடங்கள்

தேடலைத் தொடங்குவதற்கு ஏற்ற நூல், ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட பழைய மதராஸின் எச்சங்கள் பற்றிய ஆங்கிலத் தொகுதிகள் ஆகும். நகரின் முதன்மையான பழம்படங்கள் சிலவற்றை அவர் அதில் படியெடுத்துச் சேர்த்துள்ளார். இந்நூலின் மின்படிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எனினும் ஒரு செய்தியை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். பழைய நூல்களை மின்படி எடுக்கும்போது, உள்ளே மடித்து வைக்கப்பட்ட படங்களை விரிக்காமலேயே படியெடுத்துவிடுவது உண்டு. அவ்வாறு நேர்ந்திருப்பின், கன்னிமாரா நூலகத்திற்கோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கோ சென்று அச்சுப் படியைத் தேடிப் பார்ப்பதே முறை.

அடுத்து நாட வேண்டியது இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் நூலகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களும் இந்தியா அலுவலகத்தின் ஆவணங்களும் 1982-இல் அந்நூலகத்தின் பொறுப்பில் வந்தன. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் திரட்டிய பல்லாயிரக்கணக்கான படங்களும் அங்கு உள்ளன. பிரெஞ்சுப் படை 1746 முதல் 1749 வரை சென்னையைத் தன் வசம் வைத்திருந்தது. ஆகையால் பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா என்னும் இணையத் தொகுப்பையும் புறக்கணித்தல் ஆகாது. பெல்லின் என்னும் பிரெஞ்சு நிலப்பட வல்லுநர் 1764-இல் வெளியிட்ட சிறிய கடல்சார் படத்தொகுதியில் சென்னையின் படமும் இடம்பெற்றுள்ளது. சாந்தோம் கோட்டையின் படமோ அதனினும் பழமையானது. 1635-இல் பொக்காரோ எழுதிய நூலுக்கு ரெசெந்தே வரைந்த கோட்டைப் படங்களுள் அதுவும் ஒன்று. அந்நூற்படி போர்ச்சுகலின் எவோரா நகர நூலகத்தில் உள்ளது.

அண்மைக் காலப் படங்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரிதும் துணைபுரிகின்றன. 1909-இல் வெளிவந்த இம்பீரியல் கெசட்டியரின் படத்தொகுதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னூலகத்தில் காணலாம். அமெரிக்கப் படைத்துறை 1950-களில் உருவாக்கிய இந்திய நிலப்பட வரிசையை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்துள்ளது. இவ்வரிசையில் தமிழகத்துச் சிற்றூர்களும் ஏரிகளும் இடம்பெற்றிருப்பதால், சென்னைக்கு அப்பால் வாழ்வோர்க்கும் இது பயன் தரும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளின் விரிவான அரசுப் படங்களைப் பொதுமக்கள் பெறுவதற்கு இந்தியாவில் நெடுங்காலம் கட்டுப்பாடுகள் இருந்தன. 2021-இல்தான் இவ்விதிகள் பெரிதும் தளர்த்தப்பட்டன. உள்ளூர்ப் படத்தைக் காண அயலகத் தொகுப்பை நாட நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைந்த நகரம்

ஆளுநர் தாமஸ் பிட் 1698 முதல் 1709 வரை கோட்டையில் ஆட்சி செலுத்தினார். அவரது ஆணையால் நகரம் அளக்கப்பட்டு, அதன் பயனாக உருவான படம் 1710-ஐ ஒட்டி வெளிவந்தது. இப்படத்தைக் காணும் இன்றைய சென்னைவாசி முதலில் திகைப்பர். கோட்டையின் வடமதிலை ஒட்டி, நேரான தெருக்களோடு ஒரு முழு நகரம் அதில் விளங்குகிறது. ஆங்கிலேயர் அதனைக் கறுப்பர் நகரம் என்றனர். நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் வாழ்ந்த அந்நகரின் நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது.

இன்று அவ்விடத்தில் அத்தெருக்களுள் ஒன்றும் இல்லை. முற்றுகைக் காலத்தில் பகைவர் வீடுகளின் மறைவில் நின்று கோட்டையைத் தாக்கக்கூடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். கோட்டைக்கு அணித்தாக இருந்த பகுதியைப் பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சியில் இடித்தனர். திரும்பி வந்த ஆங்கிலேயர் எஞ்சியதையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1757-இல் கோயிலும் இடிக்கப்பட்டது. மாற்றாக வழங்கப்பட்ட நிலத்தில், மணலி முத்துகிருஷ்ண முதலியார் முதலியோரின் கொடையால், இன்றைய தேவராஜ முதலித் தெருவில் சென்னகேசவர்க்கும் சென்னமல்லீசுவரர்க்கும் கோயில்கள் எழுந்தன. மக்கள் அதனைப் பட்டணம் கோயில் என வழங்குவர். ரேவன்ஷா 1822-இல் வரைந்த படத்தைப் பிட்டின் படத்தோடு அருகருகே வைத்து நோக்கினால், பழைய நகரம் இருந்த இடம் கோட்டைக்கும் புதிய நகருக்கும் இடையே வெட்டவெளியாகக் கிடப்பதைக் காணலாம். 1892-இல் உயர்நீதிமன்றக் கட்டடம் அவ்வெளியில்தான் எழுந்தது. அவ்வெளியின் எல்லையைக் குறித்த தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. இப்படங்கள் இல்லையெனில், நீதிமன்ற வளாகத்தின் அடியில் ஒரு நகரம் உறங்குவதை அவ்வழியே நாளும் செல்வோர் அறிய வாய்ப்பில்லை.

படம் சொல்லாதவை

ஒவ்வொரு படமும் ஒரு தேவையை முன்னிட்டே வரையப்பட்டது. கோட்டையைக் காக்க வரைந்தவர் மதிலையும் பீரங்கி மேடையையும் நுணுக்கமாகக் காட்டினார். வரி தண்ட வரைந்தவர் வயலையும் தோப்பையும் காட்டினார். இரு சாராரும் தேவையில்லை எனக் கருதியவை தாளில் ஏறவில்லை. ஆகவே படத்தில் ஓரிடம் வெறுமையாக உள்ளது என்பதால் அங்கே மக்கள் வாழவில்லை எனத் துணிதல் தவறாகும்.

பிட்டின் படமே இதற்குத் தக்க சான்று. அவரது ஆட்சியின்போது 1707-இல் வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் செல்லலாம் என்பது பற்றிப் பெரும்பூசல் மூண்டது. வலங்கையார் பலர் நகரைவிட்டுச் சாந்தோமுக்கு வெளியேறினர். பெத்துநாயக்கன்பேட்டை, முத்தியால்பேட்டை ஆகிய பகுதிகளின் குடியிருப்பு உரிமைகள் இப்பூசலோடு பிணைந்தவை. தெருக்களைத் திருத்தமாகக் காட்டும் அப்படத்தில் இப்பூசலின் சுவடு இல்லை. அதனை அறியக் கம்பெனியின் நாட்குறிப்பு ஆலோசனை ஏடுகளைப் படிக்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகம் மதராஸ் ஆவண அலுவலகமாக இருந்த காலத்தில் அவற்றை அச்சிட்டு வெளியிட்டது.

தமிழிலேயே அமைந்த சான்றும் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கற்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். அந்த ஆய்வுக்கு ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் எழுதித் தந்த கணக்குகளுள் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஊரின் வீடுகள், ஏரிகள், கோயில்கள், குடிகள், மானியங்கள் ஆகியன அவற்றில் உள்ளன. நிலப்படம் வடிவைத் தருகிறது. ஓலைக் கணக்கு அவ்வடிவுக்குள் வாழ்ந்த மாந்தரைத் தருகிறது. இரண்டையும் இணைத்துப் படிப்பவரே ஊரின் வரலாற்றை எழுதத் தகுதியுடையவர்.

நீர் இருந்த இடம்

பழைய படங்களின் பயன் வரலாற்று மாணவரோடு நின்றுவிடுவதில்லை. 1909-ஆம் ஆண்டுப் படத்தில் நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே நீண்ட பெரிய ஏரி ஒன்று காணப்படுகிறது. ஆங்கிலேயர் அதனை நெடிய ஏரி என்றே அழைத்தனர். 1920-களில் மாம்பலத்து ஏரிநிலம் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கத்துப் பழைய ஏரிப்பரப்பில் அமைந்ததே. ஏரி போயினும் பெயர் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரையைக் குறிக்கும் டேங்க் பண்ட் சாலையும், மேற்கு மாம்பலத்தில் ஏரியை நோக்கிய லேக் வியூ சாலையும், சேத்துப்பட்டை அடுத்த ஸ்பர்டேங்க் சாலையும் நீரற்ற இடத்தில் நீரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் இத்தகைய படங்களைத் தேடுவோர் பெருகினர். அது நல்லதே. ஆயினும் அளவறிந்து பேச வேண்டும். அவ்வெள்ளத்தில் பெருஞ்சேதம் விளைத்தது கரைபுரண்ட அடையாற்று நீர். தூர்ந்த ஏரி ஒன்றைக் காட்டி, எல்லா அழிவுக்கும் அதுவே காரணம் எனக் கூறுதல் ஆய்வு நெறி ஆகாது. ஓரிடம் ஒருகாலத்தில் நீர் தங்கிய தாழ்நிலம் என்பதைப் படம் உறுதியாகக் கூறும். அங்கு வீடு கட்டுவோரும் கட்ட இசைவு தருவோரும் அதனை அறிந்திருக்க வேண்டும் என்ற அளவில் அதன் சான்று வலிமையுடையது.

பொருத்திப் பார்த்தல்

பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் கருவிகள் இப்போது கணினியில் எளிதாகக் கிடைக்கின்றன. அதற்கு இடம்பெயராத புள்ளிகள் நான்கைந்து தேவை. கோட்டைக்குள் 1680-இல் எழுந்த தூய மரியாள் ஆலயம், திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில், கபாலீசுவரர் கோயில், பரங்கிமலை ஆகியன இதற்கு ஏற்றவை. பட்டணம் கோயிலை அவ்வாறு கொள்வோர் ஏமாறுவர். அது 1757-க்கு முன் வேறோரிடத்தில் இருந்தது. கடற்கரையையும் நிலையான கோடாகக் கொள்ளுதல் கூடாது. 1876-இல் துறைமுகப் பணி தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. பிட் காலத்தில் கோட்டையின் கீழ்மதிலை அடுத்திருந்த அலைகள் இன்று தொலைவில் உள்ளன.

1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து பெரும் முக்கோண அளவைக்கு வித்திட்டார். அதற்கு முன் வரைந்த படங்களில் திசையும் தொலைவும் சிறிது பிறழ்ந்திருப்பது இயல்பு. முழுப் படத்தையும் ஒரே முறையில் பொருத்த முயலாமல், பகுதி பகுதியாக ஒப்பிடுவது இத்தகைய படங்களுக்குப் பொருந்தும்.

செய்யத்தக்கன

இணையத்தில் ஒரு முறை கண்ட படம் என்றும் அங்கேயே இருக்கும் என்று நம்பியிருத்தல் இயலாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தன. உரிமை விதிகள் இடமளிக்கும் படங்களை இறக்கிப் படியெடுத்து, நூலகத்தின் பெயர், அடுக்கெண், வரைந்த ஆண்டு ஆகியவற்றோடு சேர்த்துவைத்தல் நலம். குறிப்பு இல்லாத படம் தாயறியாப் பிள்ளை போன்றது. அதனைச் சான்றாகக் கொள்வார் இலர்.

ஊர்தோறும் இயங்கும் இலக்கிய அமைப்புகள் இப்பணியில் பங்கு கொள்ளலாம். தத்தம் ஊரின் பழைய பெயர்களைத் தொகுத்தல், அயலகத் தொகுப்புகளில் கிடைக்கும் படங்களுக்குத் தமிழில் பட்டியல் அமைத்தல், ஆங்கில எழுத்துக்கூட்டலில் உருமாறிய தெருப்பெயர்க்கும் ஏரிப்பெயர்க்கும் உரிய தமிழ் வடிவத்தை முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்தல் ஆகியவை பெரும்பொருள் வேண்டாத பணிகள். அவற்றுள் இறுதியானதற்குக் காலம் குறைவு. படங்கள் எவோராவிலும் இலண்டனிலும் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றிலுள்ள சிதைந்த பெயர்களை இன்ன ஏரி, இன்ன தோப்பு என அடையாளம் காட்ட வல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர்.