திருப்பூர்ச் சாயத்தொழிலும் நொய்யல் ஆறும்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். இதன் கரையில் வளர்ந்த திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில், சாயக்கழிவை ஆற்றில் விடும் வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது இந்திய ஜவுளி வரலாற்றில் தனித்துப் பேசப்படுகிறது. இம்மாற்றத்தை ஏற்றுமதியாளர்களின் தொலைநோக்குக்கும் வெளிநாட்டு வர்த்தகர்களின் நிபந்தனைகளுக்கும் உரியதாகச் சொல்வாருண்டு. கிடைக்கும் ஆவணங்களோ வேறொரு திசையைக் காட்டுகின்றன. 1996 முதல் 2011 வரையிலான ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்கள் தொடுத்த வழக்கு ஒன்று நிற்கிறது.

நூலுக்கும் இந்த ஆற்றுக்கும் உள்ள உறவு பழையது. நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், மணி கோத்த பட்டறைகளின் தடயங்கள் ஆகியவற்றோடு நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்துள்ளன. பின்னாளில் ஒன்றுக்கடுத்து ஒன்றாக அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து நிரம்பும் குளங்களும் அமைந்தன. ஓர் அணைக்கட்டின் மிகைநீர் அடுத்ததற்குச் செல்லும் இந்த ஏற்பாட்டைச் சோழர் காலத்தது என்பர்; எல்லாக் கட்டுகளும் அக்காலத்தவையா என்பது உறுதியில்லை. அதன்பின் நெடுங்காலத்துக்கு ஆற்றங்கரை நெசவு பற்றிய செய்திகள் சிதறலானவை. திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி 1920களில் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது; எது முதலாவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அரை நூற்றாண்டுக் காலம் இங்கு உருவானது பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன். அதற்குச் சலவைப்பட்டறை போதும். 1978 வாக்கில் இத்தாலிய வர்த்தகர் ஒருவர் வழியாக ஏற்றுமதி தொடங்கி, 1980களில் ஐரோப்பிய ஆர்டர்கள் பெருகியபோதுதான் வண்ணம் தேவைப்பட்டது. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின.

இந்தப் பட்டறைகளின் கழிவில் கண்ணை உறுத்துவது நிறம். நிலத்தைக் கெடுப்பதோ உப்பு. தண்ணீரில் நனைந்த பருத்தியிழை எதிர்மின் தன்மை பெறுகிறது. அதற்கேற்ற வினைச்சாயங்களும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ கொட்டினால்தான் அவ்விலக்கம் தணிந்து சாயம் இழையில் ஏறும். அடர்நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராமுக்கு மேல் உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீர் என்று கொண்டாலும் அரைக் கிலோ உப்புக்குக் குறையாது. சாயத்தின் பெரும்பகுதி துணியோடு கப்பலேறிவிடும். உப்பு துணியில் தங்குவதில்லை; கிட்டத்தட்ட முழுவதும் கழிவுநீரோடு போகும். 1990களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் நீக்கினவே தவிர, கரைந்த உப்பைத் தொடவில்லை. தெளிந்து வெளியேறிய அந்த நீர், கரைந்த திண்மங்களுக்கு விதிக்கப்பட்ட லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரம்பை வெகுவாகத் தாண்டியது.

அந்த உப்பு போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த இவ்வணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்த்தன. அணை கேட்டுப் பெற்ற ஆயக்கட்டு உழவர்களே அதில் நீர் தேக்க வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது. பாசன வரலாற்றில் இதற்கு நிகரான கோரிக்கை அரிது. 1996இல் கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கமும், 2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. சூழலிழப்பு ஆணையம் 2004இல் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கணக்கிட்டது. தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராத இத்தொகை, உவரேறிய நிலத்துக்கு ஈடாகுமா என்பது வேறு கேள்வி. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உறுதிசெய்து, கழிவை முற்றிலும் நிறுத்த மூன்று மாதக் கெடு கொடுத்தது. கெடு கடந்தும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் அத்தனை சாய, சலவைப் பட்டறைகளையும் மூட ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டது.

மூடலை எதிர்த்தோர் வைத்த வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. கோவையின் சாக்கடையும் நொய்யலில்தான் கலக்கிறது என்றனர். அது உண்மை, ஆனால் இந்த அளவு உவரைச் சாக்கடையால் விளக்க முடியாது. பிழைப்பு போகும் என்றனர். போகவும் செய்தது: துணியை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்றியதாகவும், தொழிலாளர் பலர் ஊர் திரும்பியதாகவும் அக்காலச் செய்திகள் கூறுகின்றன. எனினும் ஒரு பிழைப்பைக் காக்கக் கீழ்மடையின் பிழைப்பை எடுத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே தீர்ப்புகளின் சாரம். உப்பை மீட்கவே முடியாது என்ற வாதத்துக்கு விடை மூடலுக்குப் பின்பே கிடைத்தது. அரசின் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனோடு நிலையங்கள் சீரமைக்கப்பட்டன. அருள்புரம் நிலையத்தில் உப்புக் கரைசலையே சுத்தம் செய்து மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும் முறை கைகூடியது. எதிர்ச் சவ்வூடு பரவல் வழியே நீரின் பெரும்பங்கு பட்டறைக்கே திரும்பியது. ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று ஊரார் சொல்வது இதையே. அதற்கும் விலை உண்டு. மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கிகளுக்கு எரிபொருள் ஏராளமாக வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு கிடங்குகளில் குவிகிறது. அனுமதியற்ற பட்டறைகள் ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் அவ்வப்போது இடிக்கப்படுகின்றன. மற்ற மாநிலங்களுக்கும் இதே விதி வேண்டும் எனத் திருப்பூரார் கேட்பது நியாயமானது. அது விதியைப் பரப்பச் சொல்லும் காரணமேயன்றித் தளர்த்தச் சொல்லும் காரணமாகாது.

தொழிலாளர் தரப்பின் வரலாறு இந்த அளவுக்குப் பதிவாகவில்லை. பஞ்சப்படிக்காக 1984இல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தம் குறிப்பிடத்தக்கது; அதன்பின் உள்குத்தகை முறை வலுத்தது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ‘சுமங்கலித் திட்டம்’ 2011 வாக்கில் பன்னாட்டுக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆற்றுக்கு இருந்ததுபோல் ஆலையை மூடவைக்கும் ஆணை எதுவும் இதில் பிறக்கவில்லை. 2021இல் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. பாலின வன்முறைக்கு எதிரான இவ்வொப்பந்தம் உற்பத்தியாளரையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. இங்கும் பாதிக்கப்பட்டோர் தரப்பே முதலில் அசைந்தது.