வளையும் ஒளியுணரி

ஒளியை மின்குறிகையாக மாற்றுவதோடு, வளைந்த பரப்பிலும் படிந்து வேலை செய்யும் மெல்லிய கருவி, வளையும் ஒளியுணரி.

கேமரா உணரி தட்டையானது. ஒற்றை லென்ஸ் தரும் பிம்பமோ வளைந்த பரப்பில்தான் தெளிவாக விழும். படத்தின் ஓரம் மங்காமலிருக்கப் பல லென்ஸ்களை அடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை, விழித்திரையே குழிந்திருக்கிறது. அந்தக் குழிவைச் சிலிக்கானில் கொண்டுவருவதுதான் கடினமாக இருந்தது. சிப் செய்யும் முறைகள் தட்டைத் தகட்டுக்கானவை. தகட்டைக் கிண்ணமாக வளைக்கப் போனால் நொறுங்கும்.

2008-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு இதற்கு வழி கண்டது. கிண்ண வடிவ ரப்பர் சவ்வொன்றை மேளத்தோல் போல இழுத்துத் தட்டையாக்கினார்கள். வரிசைக்கு 16 வீதம் 16 வரிசை, ஆக 256 உணரிகளை வழக்கமான முறையில் செய்து அதன்மேல் ஒட்டினார்கள். இழுப்பைத் தளர்த்தியதும் சவ்வு மறுபடி கிண்ணமானது. உணரிகளை இணைத்த மெல்லிய கம்பிகள் குட்டிப் பாலங்களாக மேலெழும்பி நெருக்கத்தைத் தாங்கிக்கொண்டன; சிலிக்கானுக்கு நோகவில்லை. 256 புள்ளியில் கிடைக்கும் படம் சொற்பம்தான். ஆனாலும் இத்துறையின் மிக அழகான யோசனை இதுவே.

2013-இல் அதே குழு குழிவைக் குவிவாக்கி, 180 சிறுகண்கள் கொண்ட பூச்சிக்கண் கேமராவைச் செய்தது. அதன் பார்வை 160 பாகை அகலம்.

உடலில் அணியும் உணரிகள் வேறு வழியில் வந்தன. சிலிக்கானுக்குப் பதில், இயல்பிலேயே நெகிழும் கரிமச் சேர்மங்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகாவோ சொமேயா குழு 2016-இல் செய்த ஒளித்தோலின் மொத்தத் தடிமன் 3 மைக்ரோமீட்டர். விரலில் ஒட்டினால் பச்சை, சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைக் கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும். காற்றும் ஈரமும் கரிமப் பொருளைக் கெடுக்கும் என்பதால், அதற்கான காப்புப் படலத்துக்கே அவர்கள் பெரும்பாடு பட்டார்கள்.

2020-இல் ஹாங்காங்கில் சியோங் ஃபான் குழு செயற்கைக் கண் ஒன்றின் அரைக்கோள விழித்திரையில் பெரோவ்ஸ்கைட் என்னும் ஒளியுணர் பொருளின் நுண்ணிழைகளைச் சதுர சென்டிமீட்டருக்கு 46 கோடி வீதம் வளர்த்தது. மனித விழித்திரையில் அதே பரப்பில் ஒளியுணர் செல்கள் ஏறக்குறைய 1 கோடி. நரம்புக்குப் பதிலாக, திரவ உலோகம் நிரப்பிய மெல்லிய குழாய்கள். ஆனால் ஒவ்வொரு குழாயும் நுண்ணிழையைவிடப் பல மடங்கு பருமன். அதனால் அந்தக் கண்ணில் அமைந்த படப்புள்ளிகள் 100 மட்டுமே.